ஆறாட்டுக்கு மறுநாள் காலை

அணஞ்சபெருமாள் பிள்ளை காலமான செய்தி திருவனந்தபுரத்தில் எங்கள் ஆபீஸுக்கு ஒரு போஸ்ட்கார்டில் வந்தது. கார்டு தமிழில் இருந்ததால் தபால் குமாஸ்தா அதை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டுப் பியூனிடம் கொடுத்து என் மேஜைக்கு அனுப்பினார். வாசித்துப் பொருள் சொல்ல வேண்டும் என்று பியூன் கேட்டார். நான் வாசித்தேன். நாகர்கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் ஊரிலிருந்து அவருடைய மைத்துனர் எழுதியிருந்தார். காய்ச்சல் டைபாயிடாக மாறி, வெள்ளிக்கிழமை விடிவதற்குள் முடிந்துவிட்டது. ஆபீஸுக்குச் சொந்தமான அளவு நாடா ஒன்று வீட்டில் இருக்கிறது, ஆள்வசம் அனுப்பிவைக்கிறோம் என்று ஐந்தே வரிகள்.

இப்படிப்பட்ட கார்டை வாசித்தவுடன் கிழித்துப் போட்டுவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஆபீஸில் அதற்கு வரவு எண் போட்டு, அளவு நாடா திரும்ப வரவேண்டியிருக்கிறது என்று ஓரத்தில் குறித்து, பைலில் சேர்த்தார்கள். நான் என் இடத்துக்கு வந்து, பாதியில் விட்டிருந்த கடிதத்தை டைப் அடித்து முடித்தேன். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இன்னும் போகவில்லை.

அவரை அறிந்த நண்பர்கள் நடத்தும் இந்தச் சிறு இதழில் அவரைப் பற்றி எழுதச் சொன்னபோது முதலில் மறுத்தேன். என் பெயரை அச்சில் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. பிறகு ஒப்புக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லிவிட்டுத்தான் முடிப்பேன்.

உங்களில் பலருக்கு அவர் ஒரு சண்டைக்கார ஓவர்சியர். பழவங்காடிப் பக்கம் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். சனிக்கிழமை மதிய பஸ்ஸில் ஊருக்குப் போவார், திங்கட்கிழமை தாமதமாக வருவார். கான்ட்ராக்டர்களைக் கூலியாட்கள் முன்னாலேயே ஏசுவார். பீடிப் புகையோடு பேசுவார். அவருடைய ரிப்போர்ட்டுகள் நீளமானவை, கையெழுத்து மோசமானது. இவ்வளவும் உண்மைதான். அவர் நல்ல மனிதர், சாந்தமானவர் என்றெல்லாம் நான் எழுதினால் அவரே நம்பமாட்டார்.

எங்கள் ஆபீஸில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஆள் விழுந்தாலோ சுவர் சரிந்தாலோ நிரப்பி அனுப்ப ஒரு பாரம் உண்டு. ஆங்கிலப் பாரம். பெயர், வயது, தேதி, காயம், காரணம் என்று கட்டங்கள். காரணம் என்ற கட்டம் மற்றவற்றைவிடச் சின்னது. ஒரே வரிதான் அதில் கொள்ளும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தக் கட்டத்தில் என்ன வரும் என்பது காகிதத்தைப் பார்க்காமலே என் விரல்களுக்குத் தெரிந்துபோயிற்று. தொழிலாளியின் சொந்த அஜாக்கிரதை. ஆள் மாறும், இடம் மாறும், அந்த வரி மாறாது. அதை எத்தனை முறை அடித்தேன் என்று எனக்கு நினைவில்லை. நினைவில்லாமல் போனதே தவறு என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அவர் முதன்முதலில் என் மேஜைக்கு வந்தது அந்தக் கட்டத்தால்தான். வேறொருவர் நிரப்பிய பாரத்தை எடுத்து வந்து என் முன் வைத்தார். ஒரு கொத்தனார் பலகையிலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்த கேஸ் அது.

"இதிலே அஜாக்கிரதைன்னு இருக்கே, அதை நீங்க கண்டேளா?" என்று கேட்டார்.

நான் எழுதவில்லை, டைப் மட்டும்தான் அடித்தேன் என்றேன்.

"அதைத்தான் இந்த ஆபீஸிலே எல்லாரும் சொல்லுதா. எழுதினவன் மேஸ்திரி சொன்னான்னு சொல்லுதான். மேஸ்திரி கான்ட்ராக்டர் சொன்னாருன்னு சொல்லுதான். விழுந்தவனைத் தவிர இதிலே ஒருத்தருக்கும் பங்கில்லை."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுநாள் அந்த வரியை அடிக்கும்போது விரல் தயங்கியது.

என் மேஜை இழுப்பறையில் எப்போதும் ஒரு நாவல் இருக்கும். அதை அவர் கவனித்திருந்தார். நான் கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிற ஆளா என்று ஒருநாள் கேட்டார். இல்லை என்றேன். "இந்த ஆபீஸ் பாக்கும். விழுந்தது கடைசிப் பக்கம்மா. அதை மட்டும் வாசிச்சுட்டு பொஸ்தகத்தை மூடிடுதாங்க" என்றார். அவர் போகும் இடத்தில் கேட்கும் முதல் கேள்வி, எப்படி விழுந்தான் என்பதல்ல. சாரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதை ஆரு கெட்டினது?" என்று கேட்பார். கட்டினவன் பெயர் தெரியாத சாரத்தில் ஏறாதே என்று கையாட்களிடம் சொல்வார். அவர்கள் சிரிப்பார்கள். ஏறாவிட்டால் அன்றைய கூலி யார் தருவார்கள் என்று ஒரு பெண் திருப்பிக் கேட்டாள். அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

இனி போன வருஷப் பங்குனி மாதத்து விபத்துக்கு வருகிறேன்.

மேற்குக் கோட்டை வாசலிலிருந்து கடற்கரைக்குப் போகும் சாலையில் அப்போது ஒரு மூன்று மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடி உயரத்தில் சாலைப் பக்கத்துச் சாரம் ஒரு காலையில் சாய்ந்தது. குமாரன் என்ற கையாள் செத்துப்போனான். அவனுடைய மனைவி தங்கம்மை அதே இடத்தில் சாந்துச் சட்டி சுமக்கிற சித்தாள். விழும்போது அவள் கீழே சாந்து குழைக்கும் இடத்தில் நின்றிருந்தாள்.

பாரம் இரண்டே நாளில் வந்துவிட்டது. வழக்கமான வரியோடு ஒரு வரி கூடுதலாக இருந்தது: முந்தின நாள் உற்சவத்தில் மது அருந்தியிருந்ததாகத் தெரிகிறது. "தெரிகிறதுன்னா ஆருக்குத் தெரியுது?" என்று பிள்ளை கேட்டார். தாமே போய் விசாரித்து எழுத அனுமதி வாங்கினார். தங்கம்மை ஆண்களிடம் வாய் திறக்கமாட்டாள் என்று சொல்லி, அவளுடைய வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள என்னையும் அழைத்தார். வெயிலில் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் பெண்பிள்ளை எதற்குப் போக வேண்டும் என்று அம்மா வீட்டில் முணுமுணுத்தாள். குடையை எடுத்துக்கொண்டு போனேன்.

தங்கம்மை மலையாளத்தில்தான் பேசினாள். நான் கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொன்னாள். கணவன் குடிக்கிறவன் இல்லை. உற்சவ ஊர்வலத்தில் தீவட்டி பிடிக்கப் போனான், கால் வலியோடு திரும்பி வந்து படுத்தான், காலையில் பழங்கஞ்சி குடித்துவிட்டு அவளோடு சேர்ந்துதான் வேலைக்கு வந்தான். எந்தத் தேதி என்று பாரத்துக்காகக் கேட்டேன்.

"தேதி அறிஞ்சூடா. ஆறாட்டுக்குப் பிற்றேன்னு" என்றாள். தேதி தெரியாது; சுவாமி கடலில் நீராடப் போகும் ஆறாட்டுக்கு மறுநாள்.

அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பின்னால் நின்ற பிள்ளை என்னை நிறுத்தி, அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். ஆறாட்டு அன்று இந்தச் சாரம் என்ன ஆயிற்று என்று அவளிடம் கேட்டார். என்ன ஆகும், எல்லா வருஷமும் போல அவிழ்த்தார்கள் என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்ற குரலில்.

திருவனந்தபுரத்தில் இருக்கிற நமக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் நாம் அதைப் பார்க்கவில்லை. சுவாமி கடலுக்கு எழுந்தருளும் வழியில் சாலைக்கு மேலே கழிகள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது; யானையும் குடையும் போக இடம் வேண்டும். சுவாமி கீழே போகும்போது மேலே ஒருவரும் நிற்கவும் கூடாது. அதனால் ஆறாட்டு அன்று காலையில் சாலைப் பக்கத்துச் சாரத்தை அவிழ்த்துவிடுவார்கள். மறுநாள் விடிந்ததும் திரும்பக் கட்டுவார்கள். யார் கட்டுவார்கள்? சாரம் கட்டுகிற ஆட்கள் உற்சவத்துக்கென்று லீவு போட்டு ஊருக்குப் போயிருப்பார்கள். அவர்கள் திரும்பி வரப் பத்து மணி ஆகும், சிலசமயம் அடுத்த நாளும் ஆகும். கொத்தனார்கள் ஏழு மணிக்கே வந்துவிடுவார்கள். அவர்களை வெறுமனே உட்கார்த்தி வைக்க எந்தக் கான்ட்ராக்டருக்கும் மனம் வராது. கையில் கிடைத்தவர்கள், கையில் கிடைத்த கயிற்றால், முந்தின நாள் அவிழ்த்துப் போட்ட அதே கயிற்றால் கட்டுவார்கள். குறுக்குக் கழி சுவரில் விட்டிருக்கும் துளைக்குள் ஒரு சாண் ஆழம் போக வேண்டும். குமாரன் விழுந்த இடத்தில் நாலு விரல்தான் போயிருந்தது. பிள்ளை துளைக்குள் கையை விட்டுக் காட்டினார்; கழி உரசிய தழும்பு அந்த அளவோடு நின்றிருந்தது. கீழேயிருந்து பார்க்கிறவருக்குச் சரியாகக் கட்டிய சாரமும் இதுவும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அன்று மாலை, எங்கள் வீட்டில் பழைய பஞ்சாங்கங்கள் இருக்குமா என்று கேட்டார். என் அப்பா எதையும் தூக்கி எறிகிறவர் அல்ல. பரணில் கட்டுக்கட்டாக இருந்தன. எதற்கென்று சொல்லாமல் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளை பழைய விபத்துப் பைல்களை எடுத்துவந்து மேஜையில் பரப்பியிருந்தார். எங்கள் பாரத்தில் இங்கிலீஷ் தேதிதான் இருக்கும். ஆறாட்டு இங்கிலீஷ் தேதிப்படி வருவதில்லை. பங்குனியிலும் ஐப்பசியிலுமாக வருஷத்துக்கு இரண்டு முறை, நட்சத்திரத்தின்படி தள்ளித் தள்ளி வரும். அதனால்தான் அந்தப் பைல்கள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவையாக அத்தனை நாளும் அலமாரியில் கிடந்தன. நான் பஞ்சாங்கத்தைப் புரட்டி ஆறாட்டு நாளைச் சொன்னேன், அவர் பைலைப் புரட்டினார். அந்த ஒரே சாலையில், வெவ்வேறு வருஷங்களில், வெவ்வேறு கான்ட்ராக்டர்களிடம், இன்னும் மூன்று பேர் ஆறாட்டுக்கு மறுநாள் காலை விழுந்திருந்தார்கள். மூன்று பைலிலும் காரணக் கட்டத்தில் அதே வரி. அதில் ஒன்றை அடித்தவள் நான்.

அவர் சந்தோஷப்படவில்லை. ஒரு பீடியைப் பற்றவைக்காமலே விரல்களில் உருட்டிக்கொண்டு, "ஒரு பொம்பளைக்குத் தெரிஞ்சது நமக்கு எட்டலை பாருங்க. அவகிட்ட நாம தேதி கேக்கோம்" என்றார்.

பதினான்கு பக்கம் எழுதினார். அதில் கேட்டது மிகச் சிறியது. ஆறாட்டுக்கு மறுநாள், சாரம் கட்டுகிற ஆள் வந்து ஒவ்வொரு முடிச்சையும் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை யாரும் மேலே ஏறக் கூடாது. அந்த நாளில் அவிழ்த்த கயிற்றை மறுபடி உபயோகிக்கக் கூடாது. அவ்வளவுதான். அதைச் சொல்லப் பதினான்கு பக்கம் எதற்கு, அரைப் பக்கத்தில் எழுதினால் படிப்பார்கள் என்று நான் கெஞ்சினேன். காரணத்தை முழுக்கச் சொல்லாமல் உத்தரவை மட்டும் கேட்டால் யாருக்கும் அதில் பிடிப்பு இருக்காது என்று அவர் சாதித்தார். கான்ட்ராக்டர்களைப் பற்றித் தேவையில்லாத நாலு சூடான வாக்கியங்களும் அதில் இருந்தன. எடுத்துவிடச் சொன்னேன். மறுத்தார். கார்பன் வைத்து அப்படியே அடித்துக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சரியான விஷயத்தைத் தவறான தொனியில் சொல்லி, அதைத் தட்டிக்கழிக்க மற்றவர்களுக்கு வழி செய்துகொடுத்தவர் அவர்.

மேலதிகாரி அவரைக் கூப்பிட்டார். நான் வேறு ஒரு டிக்டேஷனுக்காக அறையிலேயே இருந்தேன்.

"பெருமாள், ஆறாட்டினால் ஆள் சாகிறது என்று இந்த ஆபீஸ் எழுத வேண்டுமா? நாளைக்கு இது வெளியே போனால் யார் பதில் சொல்வது?"

"ஆறாட்டுன்னு நான் எழுதலை சார். மறுநாள் காலைன்னுதான் எழுதியிருக்கேன்."

"கேட்கிறவன் அப்படியா கேட்பான்? அதுவும் உம்மைப் போல நாஞ்சில் நாட்டுக்காரன் எழுதினால்?"

நாஞ்சில் நாட்டைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கிளர்ச்சி நடந்த அந்த நாட்களில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை அப்போதுதான் நிதானம் இழந்தார். சுவாமி யாரையும் சாரத்தில் ஏறச் சொல்லவில்லை, ஏழு மணிக்கு வேலை தொடங்கச் சொன்னவர் வேறு ஆள் என்று உரக்கச் சொன்னார். மேலதிகாரி பேனாவை எடுத்தார். பதினான்கு பக்கத்தில் பன்னிரண்டு பக்கத்தின் மீது குறுக்குக் கோடு விழுந்தது. மீதியைச் சுத்தமாக டைப் அடித்துக் கொண்டுவரும்படி என்னிடம் தந்தார்.

நான் அடித்தேன். அடிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. வேலை போய்விடும் என்றுகூட அப்போது நினைக்கவில்லை. சொல்லலாம் என்பதே தோன்றவில்லை. காரணக் கட்டத்தில் பழைய வரியே நின்றது. மதுவைப் பற்றிய வரியும் நின்றது. குறுக்குக் கோடு விழுந்த காகிதங்களையும், அவற்றின் கார்பன் நகலையும் கூடையில் போடாமல் வைத்துக்கொண்டேன். பிள்ளை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மேலதிகாரியோடு பேசினார், என்னோடுதான் பேசவில்லை. அது அநியாயம் என்று அன்று நினைத்தேன். இன்று அவ்வளவு நிச்சயமாகச் சொல்லமுடியவில்லை.

வைகாசியில் தங்கம்மை ஆபீஸுக்கு வந்தாள். என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டார். நான்தான் ஆபீஸ் அனுப்பிய ரிப்போர்ட்டின் நகலை எடுத்து மலையாளத்தில் சொன்னேன். அவள் கத்தவில்லை. மது என்ற இடம் வந்ததும் என்னைக் கையமர்த்தி நிறுத்தினாள்.

"அவர் குடிக்கில்லான்னு ஞான் சொன்னது நீங்க எழுதினதைக் கண்டேனே. அந்தக் காகிதம் எவிடே?" என்று கேட்டாள்.

நான் நகலை மடித்து வைத்தேன். அவள் பிள்ளையைப் பார்த்து, "சாரே, செத்தவன் வந்து சாட்சி சொல்லமாட்டான். அந்தத் தைரியத்திலே எழுதினது, இல்லியா?" என்றாள். பிறகு, நாளைக்கும் அதே கட்டடத்துக்குத்தான் சட்டி சுமக்கப் போகிறேன், வேறு வேலை கிடைக்கவில்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அந்த ஐப்பசியில் ஆறாட்டு முடிந்த மறுநாள் விடிந்ததும் பிள்ளை அந்தக் கட்டடத்துக்குப் போய், சாரத்தில் சாத்தியிருந்த ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார். வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை, உத்தரவும் இல்லை. வெறுமனே உட்கார்ந்தார். மேஸ்திரி வந்து, "பிள்ளை சாரே, நேத்து ஆனை வழி மறிச்சது. இன்னிக்கு நீங்களா?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்களாம். "ஆனைக்குப் பழக்குலை கொடுத்தீருல்லா? எனக்கு ஒரு சாயா வாங்கித் தாரும்" என்று இவரும் விடவில்லை. சாரம் கட்டுகிற கேசவன் ஊரிலிருந்து பத்து மணிக்கு வந்து, ஒவ்வொரு கட்டாகப் பார்த்து, ஏழு இடத்தில் அவிழ்த்து மறுபடி கட்டின பிறகுதான் எழுந்தார். இதையெல்லாம் தங்கம்மை என்னிடம் பிற்பாடு சொன்னாள். அன்று அரை நாள் வேலைக்கு வராததற்கு ஆபீஸ் அவரிடம் விளக்கம் கேட்டது. அந்த மெமோவையும் நான்தான் அடித்தேன்.

அன்று யாரும் விழவில்லை. இவர் உட்காராவிட்டால் விழுந்திருப்பார்களா என்று கேட்டால் எவராலும் சொல்லமுடியாது. அவரிடமே கேட்டேன், கொஞ்சம் குத்தலாகத்தான். அரை நாள் சம்பளமும் போய், மெமோவும் வாங்கி, என்ன நிரூபித்தீர்கள் என்றேன்.

"ஒண்ணும் இல்லை. விழாத ஆளுக்கு இந்த ஆபீஸிலே பைல் கிடையாதும்மா" என்றார்.

இந்த வருஷம் பங்குனியிலும் அதே ஏணியில் அதே மாதிரி உட்கார்ந்தார். ஆனால் அதற்குள் அந்தச் சாலையில் கடற்கரைப் பக்கமாக இன்னொரு கட்டடத்துக்கும் சாரம் ஏறியிருந்தது. அன்று காலை எட்டு மணிக்கு அங்கே ஒரு சித்தாள் விழுந்தாள். உயிர் பிழைத்தாள், இடுப்பு எலும்பு போய்விட்டது, இனி நடக்கமாட்டாள் என்கிறார்கள். செய்தி வந்தபோது பிள்ளை ஏணியை விட்டு எழுந்து அங்கே ஓடினார். அவர் எழுந்த உடனே இங்கே ஆட்கள் ஏறிவிட்டார்கள். சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து, பாரத்தை அவரே நிரப்பி என்னிடம் கொடுத்தார். காரணக் கட்டத்தில் ஒரு வரிக்குள் இப்படி இருந்தது: நேற்று அவிழ்த்ததை இன்று தெரியாதவர் கட்டினர். அரைப் பக்கம் கூட இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவான ஒரு வரியை நான் டைப் அடித்ததில்லை. அதுவும் மறுநாள் குறுக்குக் கோட்டோடு திரும்பி வந்தது. மேலே வேறு கையெழுத்தில் பழைய வரி.

ஆவணியில் ஒருநாள், எத்தனை ஏணி, எத்தனை ஆள் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். புரட்டாசி நடுவில் காய்ச்சல் என்று லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். போகும்போது என்னிடம் விசேஷமாக ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வார்த்தை என்று எடுத்து எழுத என்னிடம் எதுவும் இல்லை. பியூனிடம், திங்கட்கிழமை வந்துவிடுவேன் என்று மட்டும் சொன்னாராம்.

நிறையப் படிக்கிறவள் என்று என்னைச் சொல்வார்கள். படித்த நாவல்களில் நல்ல மனிதர் ஒருவர் செத்தால், மிஞ்சியவர்கள் திருந்துவார்கள், குறைந்தது வெட்கப்படுவார்கள். எங்கள் ஆபீஸில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இரங்கல் கூட்டத்தில் மேலதிகாரி எழுந்து, காலஞ்சென்றவர் கடமை தவறாதவர் என்று பேசினார். குரல் தழுதழுத்தது, பொய்யாக இல்லை. கூட்டம் முடிந்ததும் நான் அவருடைய அறைக்குப் போய், ஐப்பசி ஆறாட்டு வருகிறது, அந்த உத்தரவை இப்போதாவது அனுப்பலாமா என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கூப்பிடாமல் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. இது அதற்கான நேரமா என்று அவர் கேட்டார். வேறு எது நேரம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். வெளியே வந்துவிட்டேன்.

அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இந்த இதழை வாசிப்பவர்களில் ஓவர்சியர்கள் இருக்கிறீர்கள், கான்ட்ராக்டர்கள் இருக்கிறீர்கள், கணக்கெழுதுகிறவர்களும் மேஸ்திரிகளும் இருக்கிறீர்கள். அவரோடு சண்டை போட்டவர்களும் கூட இருந்து சாயா குடித்தவர்களும் இருக்கிறீர்கள். ஆறாட்டுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அந்தச் சாலையில் இப்போது இரண்டு கட்டடங்களுக்குச் சாரம் நிற்கிறது. ஒன்றில் தங்கம்மை சட்டி சுமக்கிறாள். மறுநாள் காலை, கட்டினவன் வந்து பார்க்கும்வரை யாரையும் ஏற்றாதீர்கள். அவிழ்த்த கயிற்றைத் திரும்பக் கட்டாதீர்கள். குறுக்குக் கழி சுவருக்குள் ஒரு சாண் போயிருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். மூன்று மணி நேர வேலை தவிர வேறு எதுவும் உங்களுக்கு நஷ்டமில்லை. சுவாமிக்கும் இதில் குறை எதுவும் இல்லை. குமாரன் குடித்திருக்கவில்லை என்பதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். அச்சில் ஓர் இடத்திலாவது அது இருக்கட்டும்.

அணஞ்சபெருமாள் பிள்ளையிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசித்தேன். பொறுமை அவரிடமே இருந்ததில்லை. அவருடைய ரிப்போர்ட்டின் நகல் என்னிடம் இருக்கிறது. ஆனால் அது காகிதம். அவருடைய கோபத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது எனக்குப் பொருந்தாத சட்டைபோல இருக்கிறது. அதை அடக்கமாகவும் நேரத்துக்கு ஏற்றபடியும் உடுத்திக்கொள்ளத் தெரியவில்லை. ஆபீஸ் பத்து மணிக்கு. கொத்தனார்கள் ஏழு மணிக்கு வருவார்கள். கோட்டைக்குள்ளிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அந்தச் சாலைக்கு நடக்கிற தூரம்தான். ஆறாட்டுக்கு மறுநாள் விடிந்ததும் ஒரு ஏணிக்கு நான் போகிறேன். இன்னொரு ஏணி இருக்கிறது.